அப்பா பூசிய சுவர்

கூடத்துச் சுவரில் முதுகைச் சாய்த்தபடி அம்மா நிற்கிறாள். ஜன்னல் வெயில் அவள் தோளோடு நின்றுவிடுகிறது. போன மாதம் இறந்துபோன அப்பாவின் வீட்டுக்கு வாரிசு வரி போடுவதற்காக மதிப்பீட்டாளர் வந்திருக்கிறார். மதிப்பு கூடினால் வரியும் கூடும். அதைக் கட்ட வீட்டையே விற்க வேண்டியிருக்கும். அது தெரிந்தும், அப்பா இருந்தவரை இந்த வீட்டைக் கரித்துக் கொட்டிய அம்மா, காலையிலிருந்து கதவுப் பிடிகளையெல்லாம் பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறாள். அளவு நாடா சர்ரென்று சுருண்டு டப்பிக்குள் போகிறது. "குறை ஏதாவது இருந்தா சொல்லுங்கம்மா, மதிப்புல கழிச்சுக்கலாம்" என்கிறார் மதிப்பீட்டாளர். "ஒண்ணுமில்லையே! அத்தனையும் அவர் பார்த்துப் பார்த்துக் கட்டினது." பக்கத்தில் நிற்கும் மகள் பல்லைக் கடிக்கிறாள். "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லும்மா." "வந்தவர் முன்னாடி உங்கப்பா மானத்தை வாங்காதேடி." "மானம் இருக்கட்டும், நாம இருக்க வீடு வேணாமா?" அம்மா மெல்ல நகர்கிறாள். அவள் முதுகு மறைத்திருந்த இடத்தில், அப்பா தன் கையாலேயே பூசிய பூச்சு ஈரத்தில் உப்பி நிற்கிறது. மதிப்பீட்டாளரின் விரல் பட்டதும் பொலபொலவென்று உதிர்கிறது. அவர் பேனாவைத் திறக்கிறார். முதுகில் ஒட்டிய சுண்ணாம்பைக்கூடத் தட்டாமல் அம்மா அவசரமாகச் சொல்கிறாள்: "பூச்சு நல்ல பூச்சுதாங்க. தப்பெல்லாம் மழை மேலன்னு எழுதிக்கோங்க."