மூலையை விட்டு வந்த ஸ்பீக்கர்

குமுதவல்லி வீட்டுக் கூடத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள் இருந்தன. இடது ஸ்பீக்கரை மூலைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தார்கள். பாவம், அதனால் அது வாயைத் திறந்தாலே பானைக்குள் பேசுகிற மாதிரி குரல் கும்மென்றுதான் வந்தது.

அன்று காலை நாகஸ்வரக் கச்சேரியைப் போட்ட குமுதவல்லி முகத்தைச் சுளித்தாள். "இடது பக்கம் சரியில்லை. சாயங்காலம் கடையில் திருப்பிக் கொடுத்துடணும்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

"உன்னால எனக்கும் கெட்ட பேரு" என்றது வலது ஸ்பீக்கர்.

இடதுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் இரண்டு ஸ்பீக்கருக்கும் பலம் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயரிடம் கேட்டது: "அக்கா, தவில் அடி விழும்போது எனக்கு நல்லா பலம் கொடுங்க. அந்த அதிர்விலேயே சுவரை விட்டு வந்துடறேன்."

"இப்பத்தான் என்னைப் போட்டாங்க, உடம்பு சில்லுனு இருக்கு. இப்பவே அழுத்தினா கரகரன்னுதான் வரும். நான் சூடாகட்டும், பொறு" என்றது ஆம்ப்ளிஃபயர்.

அரை மணி நேரம் இடது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தது. தவில் தனியாக முழங்கத் தொடங்கியதும் ஆம்ப்ளிஃபயர் கத்தியது: "இப்ப வா!"

ஒவ்வொரு தவில் அடிக்கும் நூலளவு நகர்ந்து, தவில் ஓய்வதற்குள் இடது ஒரு சாண் முன்னால் வந்துவிட்டது. மறுபடி நாகஸ்வரம் எழுந்தபோது அதன் குரல் கணீரென்று கூடத்தை நிறைத்தது.

குமுதவல்லி கரண்டியோடு ஓடி வந்தாள். "என்னங்க, இங்க வாங்களேன்! வித்வான் நம்ம கூடத்திலேயே உட்கார்ந்து வாசிக்கிறார்! இதையா திருப்பிக் கொடுக்க இருந்தேன்!"

வலது மெதுவாகக் கேட்டது: "நானும் கொஞ்சம் முன்னால வரணுமோ?"

"வா வா, அடுத்த தவில் ஆரம்பிக்கப் போகுது!" என்றது இடது.