வெறும் வயிறு

பப்லுவின் மூக்கு நுனியில் கேக் துணுக்கு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததுமே லேப் உதவியாளர் லூர்துசாமிக்கு அது எந்தக் கேக் என்று தெரிந்துவிட்டது. நேற்று அவருடைய கல்யாண நாள். கேம்ப் பஜார் பேக்கரியிலிருந்து பிளம் கேக் வாங்கிவந்து லேப் முழுக்கக் கொடுத்த புண்ணியவான் அவரேதான்.

பப்லு ஒரு பன்றி. மயக்கத்தில் இருக்கும் மூளைக்கு எவ்வளவு ரத்தம் போகிறது, மூளை எவ்வளவு சர்க்கரையை எரிக்கிறது என்று ஸ்கேனில் பார்ப்பதற்காக, தளேகாவ் பக்கத்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் அதை வைத்திருந்தார்கள். பார்த்து முடிந்ததும் எழுப்ப மாட்டார்கள்.

மயக்க மருந்து கொடுக்க வேண்டுமானால் முதல் நாள் ராத்திரியிலிருந்தே வயிறு காலியாக இருக்க வேண்டும். ஒரு வாய் தின்றிருந்தாலும் அன்றைய வேலை ரத்து. போன வாரமும் இப்படித்தான், கொட்டிலில் வாழைப்பழத் தோல் கிடந்தது. ராத்திரி டியூட்டி பார்த்த மெர்வினை அன்றே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் சுப்ரஜா எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து ஹிந்தியில் கேட்டுப் பார்த்தார். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. மத்தியானத்துக்குள் டைரக்டரிடம் ஒரு பெயர் சொல்லியாக வேண்டும் என்றவர், "லூர்துசாமி, நீங்க மட்டும் உள்ள வாங்க" என்று தமிழுக்கு மாறினார். அவர் தமிழுக்கு மாறினால் விஷயம் பெரிசு.

"அது உங்க கேக்தானே?"

"என் கேக்தான் மேடம். ஆனா எல்லாருக்கும்தானே குடுத்தேன். நீங்ககூட அப்புறம் சாப்பிடுறேன்னு டிஷ்யூல சுத்தி வச்சுக்கிட்டீங்க. மாதா சத்தியமா இன்னைக்கு நான் இல்ல."

"இன்னைக்கு இல்லன்னா, என்னைக்கு?"

லூர்துசாமி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். இந்த ஒரு வாரமாக அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில் மெர்வினின் மனைவி மில்ட்ரெட், "அண்ணே, அவருக்காக நீங்க ஒரு வார்த்தை பேசிப் பாருங்களேன்" என்று கண் கலங்கினாள். "பார்க்கலாம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், அன்று பூசையில் நன்மை அப்பம் வாங்க எழுந்து போகவே இல்லை. இந்தப் பாவத்தை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு போய் நாக்கை நீட்டுவது?

"போன வாரம் பழம் போட்டது நான்தான் மேடம். மெர்வினுக்கு ஒண்ணுமே தெரியாது. அவன் நௌக்ரி போறப்ப நான் பக்கத்துலயே நின்னுக்கிட்டு வாயை மூடிக்கிட்டேன்."

சுப்ரஜா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "ஏன் போட்டீங்க?"

"நம்பர் சொல்லித்தான் கூப்பிடணும்னு ரூல். நான் பப்லுன்னு கூப்பிட்டுத் தொலைச்சேன். கூப்பிட்டா ஓடி வருது. அதுக்கப்புறம் மனசு கேக்கல மேடம்."

"இந்த வேலையால நாளைக்கு எத்தனை பேர் பிழைப்பாங்கன்னு தெரியுமா?"

"தெரியும். எங்கப்பா பக்கவாதத்துலதான் போனாரு. தெரிஞ்சேதான் செஞ்சேன்."

"ஒரு வாரம் தள்ளிப் போட்டா மட்டும் என்ன ஆயிடப்போகுது?"

"ஒண்ணும் ஆகாது மேடம். ஒரு வாரம் உசுரோட இருக்கும், அவ்ளோதான்."

லூர்துசாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இருபது வருஷ வேலை இன்றோடு சரி என்று தோன்றியது. ஆனாலும் சொல்லிவிட்டதில் நெஞ்சு கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது.

"டைரக்டர்கிட்ட என் பேரைச் சொல்லிடுங்க மேடம். மெர்வினைத் திரும்பக் கூப்பிட்டுக்குங்க. ஆனா இன்னைக்கு யாருன்னு நிஜமாவே எனக்குத் தெரியாது."

"மெர்வினை அனுப்பினது நான். ஒரு வார்த்தை விசாரிக்காம அனுப்பினேன்." சுப்ரஜா எழுந்தார். "நாளைக்கு அவரை வரச் சொல்லுங்க. உங்க பேரை நான் சொல்லப்போறதில்ல."

லூர்துசாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்ப டைரக்டர்கிட்ட யார் பேரைச் சொல்வீங்க?"

சுப்ரஜா போனைக் கையில் எடுத்தார்.

"என் பேரைத்தான். இன்னைக்கு பப்லுவுக்குக் கேக் குடுத்தது நான்."