இடது கன்னம்

மொட்டை மாடியில் தேனீப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு இறங்கி வந்த கணவரைக் கண்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கும் முகத்துக்கு வலை போடவில்லை. இன்றைக்கும் இடது கன்னத்தில் கொட்டு.

"ஆணியில தொங்குற வலைத் தொப்பி என்ன அழகுக்கா? ஆசைக்குத் தேனீ வளர்க்கிறவங்க இப்படித்தான் தினமும் கன்னத்தைக் காட்டிக்கிட்டு நிப்பாங்களா?"

அவர் கண்ணாடி முன் நின்று கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

நறுக்கிய பாதி வெங்காயத்தோடு அவள் கிட்டே போனாள். "காட்டுங்க, தேய்ச்சு விடறேன். வீங்காது."

"வேண்டாம்மா. ஏற்கெனவே வீங்க மாட்டேங்குது."

"என்னது?"

"கொட்டு வாங்கி வாங்கி உடம்பு பழகிடுச்சு. முதல் தடவை பன்னு மாதிரி வீங்குச்சு. இப்போ கொசு கடிச்ச மாதிரிதான் இருக்கு."

"வீங்கலேன்னு யாராவது கவலைப்படுவாங்களா? என்ன விஷயம், உண்மையைச் சொல்லுங்க."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "ஆபீஸ்ல முகத்தைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போடற மெஷின் வெச்சாங்கல்ல? அதுல என் முகத்தைப் பதிஞ்சதே, முதல் தடவை வீங்கியிருந்த அன்னிக்குத்தான். கன்னம் வீங்காமப் போனா, 'தெரியாத நபர்'னு சொல்லி லீவு போட்டுடுது. மாத்திக் கொடுக்கிற ஆளு அடுத்த மாசம்தான் வருவாராம்."

அவள் கையிலிருந்த வெங்காயத்தை நீட்டினாள்.

"இதை இடது கன்னத்துல அடக்கிக்கிட்டு மெஷின் முன்னாடி நில்லுங்க. கொட்டினதும் செத்துப்போற அந்தத் தேனீங்களாவது பிழைச்சுப் போகட்டும்."