தனியாக ஒரு வார்த்தை

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. அங்கிள்கிட்ட நான் தனியா ஒரு வார்த்தை பேசணும். நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்களேன்.”

வங்கி அதிகாரி பிரமிளா சிரித்த முகத்தோடுதான் சொன்னாள். ஆனாலும் மோனிக்காவுக்குச் சுருக்கென்றது.

“எதுக்கு மிஸ் தனியா? பவர் ஆஃப் அட்டர்னியில எல்லாம் தெளிவா இருக்கே. லோயர் முன்னாடிதான் அப்பா கைநாட்டு வச்சாரு. கோர்ட்டுல பதிஞ்சு முத்திரையும் வாங்கியாச்சு.”

“பத்திரம் சரியாத்தான் இருக்கு. ஆனா அங்கிள் மனசார குடுத்தாரான்னு அவரு வாயால கேக்கணும். வயசானவங்க கணக்குக்கு இங்க அதுதான் ரூல். பெத்தவங்கள மெரட்டி வாங்கிட்டு வர்றவங்களும் இருக்காங்க லா.”

கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவே ஊன்றி உட்கார்ந்திருந்த ஆரோக்கியநாதன் மகளின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

“நீ போம்மா. கேக்கட்டும்.”

மோனிக்கா எழுந்து வெளியே வந்தாள். கண்ணாடிக் கதவு அவள் முதுகுக்குப் பின்னால் மூடிக்கொண்டது.

ஆரோக்கியநாதன் பினாங்குத் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம் பக்கவாதம் வந்து வலக்கை சோர்ந்துபோனதிலிருந்து இந்தப் பாடு. கையெழுத்து பழையபடி வரவில்லை என்று வங்கி அவருடைய பென்ஷன் பணத்தையே தர மறுத்தது. மோனிக்கா தொழிற்சாலையில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு எத்தனையோ தடவை வந்து நின்றாள். இதைக் கொண்டு வா, அதைக் கொண்டு வா என்று திருப்பி அனுப்பினார்கள். மருந்து, பிசியோ, பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண்ணுக்குச் சம்பளம் என்று எல்லாம் அவள் கைக்காசில் ஓடியது. கடைசியில் வழக்கறிஞரைப் பிடித்து இந்தப் பத்திரத்தை எழுதி வாங்கினாள். இன்றோடு தொல்லை விட்டது என்றுதான் காலையில் அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள்.

கதவு திறந்தது. பிரமிளா கூப்பிட்டாள். முகத்தில் பழைய சிரிப்பு இல்லை.

“அங்கிள் வேற மாதிரி சொல்றாரு அக்கா.”

“என்ன சொல்றாரு?”

ஆரோக்கியநாதன் மேசையைப் பார்த்தபடி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்.

“எனக்கு இவ மேல நம்பிக்கை இல்ல. இந்தப் பத்திரம் வேணாம். எல்லாத்தையும் என் மகன் டெஸ்மண்ட் பேர்ல மாத்தணும்.”

“அப்பா!” மோனிக்கா அவர் பக்கம் திரும்பினாள். “என்னப்பா பேசறீங்க? மிஸ், அவருக்கு... அப்பப்ப கொஞ்சம் கொழப்பமா இருக்கும்.”

“அப்படின்னா இன்னும் சிக்கல் அக்கா. புத்தி தெளிவா இல்லாதவங்க குடுத்த பத்திரம் செல்லாது.”

“யாருக்குக் கொழப்பம்?” என்று நிமிர்ந்தார் பெரியவர். தன் அடையாள அட்டை எண்ணைத் தடுமாறாமல் ஒப்பித்தார். வீட்டு விலாசத்தையும், ஜுரு ஊரில் டெஸ்மண்ட் பழைய கார் வாங்கி விற்கும் கடையின் விலாசத்தையும் சேர்த்துச் சொன்னார். பிரமிளா பத்திரத்தை மடித்து மோனிக்காவின் பக்கம் நகர்த்தினாள்.

“அவரு வேணாங்கிறப்ப நாங்க ஒண்ணும் செய்ய முடியாது. தம்பிய கூட்டிட்டு வாங்க.”

அந்தப் பார்வையில் இருந்ததை மோனிக்கா புரிந்துகொண்டாள். மிரட்டி வாங்கிக்கொண்டு வந்தவர்களின் வரிசையில் இப்போது அவளும் ஒருத்தி.

வெளியே வெயில் கொளுத்தியது. அப்பாவைக் காரில் ஏற்றினாள். அந்தக் கோபத்திலும், அவர் தலை கதவில் இடித்துவிடாமல் மேலே கை வைத்து மறைத்தாள். சீட் பெல்ட்டை மாட்டிவிட்டு, தன் இருக்கைக்கு வந்து உட்கார்ந்தாள். காரைக் கிளப்பவில்லை.

“டெஸ்மண்ட் வந்து ஏதாச்சும் சொன்னானா?”

“அவன் எங்க வந்தான்? நான்தான் போன் போட்டேன். அடுத்த வாரத்துலருந்து ஜுருவுல அவன் வீட்டுல இருக்கப் போறேன்.”

“அவன் கிறிஸ்மஸுக்குக் கேக் வாங்கிட்டு வந்ததோட சரிப்பா!”

“அவனும் புள்ளதானே? பாக்கட்டும்.”

“உங்க காசுல ஒரு வெள்ளி எடுத்திருப்பேனா? அந்தப் பொண்ணு முன்னாடி என்னத் திருடி மாதிரி நிக்க வச்சிட்டீங்களே!” மோனிக்கா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். “பிடிக்கலன்னா வீட்டுலயே சொல்லியிருக்கலாம்ல?”

“வீட்டுல சொன்னா நீ விட்டுருவியா? சண்ட போட்டு, அழுது, கடைசில நீயேதான் பாத்துக்கிறேன்னு நிப்ப.”

ஆரோக்கியநாதன் இடக்கையை நீட்டி, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவள் கையின் மேல் வைத்தார்.

“அப்பாவோட பேங்க் வேலையப் பாக்க வேற ஆளில்ல, அதனால கம்பெனி அனுப்பினாலும் ஜெர்மனிக்குப் போக முடியாதுன்னு முந்தாநேத்து உங்க மேனேஜர்கிட்ட போன்ல சொன்னியே,” என்றார். “இப்ப அந்த வேலைதான் உன்கிட்ட இல்லியேம்மா... போன் போட்டுப் போறேன்னு சொல்லு.”