துண்டுக்கடியில் நாலு விரல்

மகளின் படிப்புக்கு விலை நாலு வருஷப் பிரிவு. அதை மூன்றாகக் குறைக்கத்தான் தக்கலை மாட்டுத் தரகர் பொன்னுலிங்கம் காலையிலிருந்து பேரம் பேசுகிறார். "நெய்யூர் ஆஸ்பத்திரில மூணு வருஷம் படிச்சாலும் நர்ஸுதானே மக்கா? நெனச்சா பஸ்ஸேறி வந்து பாப்பேன்." "வேலூர்ல நாலு வருஷம் படிச்சா பட்டம்ப்பா. பொறவு நர்ஸுமாருக்கே பாடம் எடுக்கலாம்" என்கிறாள் மகள் சண்முகவடிவு. வாய்ப்பேச்சு இனி எடுபடாது என்று கண்டவர், தோள்துண்டைத் தன் வலக்கையில் போட்டு நீட்டுகிறார். சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் சொல்வது. அவள் கையும் உள்ளே போகிறது. அவர் மூன்று விரலைப் பிடிக்கிறார். அவள் நான்கைப் பிடிக்கிறாள். ஓட்டு இடுக்கு வெயில் விழுந்த துண்டு, உள்ளே பூனைக்குட்டி பதுங்கியதுபோல நெளிகிறது. "ரெண்டுபேருமா என்னத்த விக்குதிய?" என்று அடுக்களை வாசலில் அகப்பையோடு நிற்கிறாள் மனைவி தாணம்மாள். மறுபடி மூன்று, மறுபடி நான்கு. மாட்டின் வாயைப் பிளந்து பல்லெண்ணும் அந்த முரட்டு விரல்கள், மகளின் பிடிக்குள் மெல்லத் தளர்கின்றன. "ஏட்டி, இறங்கவே மாட்டேங்கியே! சரி, வேலூருக்கே போ. ஆனா தரகு இல்லாம பேரம் முடியாது, கேட்டியா." "மாசம் ரெண்டு கடுதாசி போடுதேன்ப்பா." "மூணு." "சரி, மூணு." அவர் துண்டை உதறி முகம் துடைக்கிறார், கண்ணருகே அது சற்று நேரம் நிற்கிறது. "அப்பம் நாலு வருஷத்துக்கு நூத்தி நாப்பத்தினாலு கடுதாசி எனக்கு வரணும்" என்கிறார்.