இழைத்த பலகை

நீலம் எங்கே போனது?

அவள் காய்கறிப் பையைக் கீழே வைக்காமலே நின்றாள்.

காலையில் மேசைமேல் விட்டுப் போனபோது பலகை நீலமாக இருந்தது. இடித்த வீட்டின் கதவு அது. பெயிண்ட் உரிந்து, ஆணி ஓட்டையும் தாழ்ப்பாள் தழும்புமாக இருந்தது. அந்த அழகுக்காகத்தானே பழைய மரக்கடையில் வேகாத வெயிலில் நின்று பொறுக்கினாள்? துடைத்து, எண்ணெய் தடவி, கப் தொங்கவிடக் கொக்கி அடித்தால் சுவரில் மாட்டிவிடலாம். புதுசாகக் காபிக்கடை திறக்கிற அக்கா சாயங்காலம் வாங்க வருகிறாள்.

இப்போது பலகை வழவழவென்று இருந்தது. ஓட்டைகளெல்லாம் மக்குப் பசை வைத்து அடைக்கப்பட்டிருந்தன. மேலே வார்னிஷ் வேறு.

"அட கடவுளே! யாருங்க இதை இழைச்சது?"

கேட்கவே வேண்டியதில்லை. வீட்டில் இருந்தது அவள் கணவன் ஒருவன்தான்.

பைக்கிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்த பிறகு அவன் தச்சு வேலையைத் தொடவில்லை. எலும்பு கூடிவிட்டது, இனிப் பயமில்லை என்று டாக்டர் சொல்லியும் தொடவில்லை. கை நடுங்குது என்பான். டிவி முன்னால் உட்கார்ந்துகொள்வான். இப்படியே இருந்துவிடுவானோ என்று அவளுக்குக் கவலை.

அவள் பழைய பலகையில் கொக்கி அடிக்கக் கற்றுக்கொண்டது அதனால்தான். இழைக்கத் தெரியாதவளுக்கு இழைக்க வேண்டாத வேலை. கோயம்புத்தூரில் அதை வாங்கவும் ஆள் இருந்தது, நல்லவேளை.

இன்று அதிலும் மண்.

அவன் சமையலறையிலிருந்து வந்தான். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"ஆணி ஓட்டையோடவா குடுக்கறது? தச்சன் ஊட்டுச் சாமான்னு சொன்னா நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா?"

"அந்தக்கா ஓட்டையோடதானுங்க கேட்டுச்சு!"

கத்திவிட்டாள். இன்னும் கத்த வாயில் நிறைய இருந்தது.

அப்போதுதான் தரையைப் பார்த்தாள்.

மரச்சுருள்.

அடியில் கிடந்தவை துண்டு துண்டாக இருந்தன. கை எங்கெங்கே நின்றதோ அங்கெல்லாம் அறுந்திருந்தன.

மேலே கிடந்தவை நீளமானவை. இழைப்புளியை ஒரே மூச்சில் தள்ளினால்தான் அப்படி வரும். பலகை நீளத்துக்கும் அறுபடாமல் வந்திருந்தன.

அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"வலிக்குதுங்களா?"

"வலிக்குது" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் சிரித்து எத்தனை நாளாயிற்று!

அவளுக்குக் கோபமும் இருந்தது, அது எங்கே போகும்? அதற்குமேல் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது.

போனை எடுத்தாள்.

"அக்கா, இன்னிக்கு வராதீங்க. உங்க பலகை கெட்டுப்போச்சுங்க."

கெட்டுப்போனதைச் சொல்கிற குரலா அது? வீட்டில் என்ன விசேஷம் என்று அந்த அக்காவே கேட்டாள்.

சுவரோரம் இன்னொரு கதவுப் பலகை சாய்ந்திருந்தது. அடுத்த ஆர்டருக்கு வாங்கியது. பச்சைப் பெயிண்ட் உரிந்து, பார்க்கவே அத்தனை அழகு. அதையாவது அவன் கண்ணில் படாமல் கட்டிலுக்கடியில் தள்ளுவதுதான் புத்தி.

அதைத் தூக்கி மேசைமேல், அவன் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தாள்.