ஆறுமணிக் குருவி

"கால இழுத்துக்கிட்டு நடக்குற மனுசன, தெனம் காட்டுக்குள்ள இழுத்துட்டுப் போறாளே, இவளெல்லாம் ஒரு பொண்டாட்டியா?"

கொல்லையில நின்னு அம்சம் கத்துனது, காட்டுக்குள்ள போய்க்கிட்டிருந்த பஞ்சநதத்துக்கு நல்லாவே கேட்டுச்சு. கூடப்பொறந்த அக்காதான். அவ வாய் ஊருக்கே தெரியும். ஒருதடவ சம்பந்தி வீட்டு விருந்துல, எல போட்ட ஒடனே ரசத்துல உப்பு இல்லன்னு... சரி, அத ஆரம்பிச்சா பொழுது போயிரும்.

பஞ்சநதத்துக்கு வாதம் வந்து வலது கால் வெளங்காமப் போச்சு. நடந்தாத்தான் சரியாகும்னுட்டாரு டாக்டர். வரப்புல ஓடியாடுன மனுசன், இந்தக் கோலத்துல தெருவுல நடக்கமாட்டேன்னு கட்டில்லயே கெடந்தாரு.

அப்பப் பாத்துதான் அவர் பொண்டாட்டி ராஜாத்திக்குக் குருவிப் பித்து புடிச்சுது. கதிர்ல குருவி உக்காந்தா தகர டப்பாவத் தட்டி வெரட்டுன பொம்பள! அவ தட்டுற தட்டுக்கு அடுத்த வயல் மாடே மெரளும்.

"ஏங்க, நம்ம கொல்லைக்குப் பின்னாடி ஐயனார் கோயில் காட்டுல ஆறுமணிக் குருவி வந்திருக்காம். காலையும் சாயங்காலமும் ஆறு மணிக்குக் கத்துமாம், ஒரே உடம்புல அத்தன கலராம். தனியாப் போக பயமா இருக்கு, வாங்களேன்."

மொத நாள் வேலி வரைக்கும்தான் அவரால முடிஞ்சுது. இன்னிக்குக் கொடிய வெலக்கி, குனிஞ்சு நிமுந்து, நடுக்காட்டுக்கே வந்துட்டாரு.

"அக்கா சொல்றதுல என்னடி தப்பு? என் காலவிட ஒனக்குக் குருவி பெருசாப் போச்சு!"

"கத்தாதீங்க, பறந்துரும்."

திடீர்னு ரெண்டு விசில். புதருக்கடியில சருகு அசைஞ்சுது.

கையளவு குருவி. முதுகு பச்சை, ரெக்கையில நீலம், வயித்துக்கடியில குங்குமம். வாலு இருக்கா இல்லையான்னே தெரியல. தத்தித் தத்தி, சருகப் பொரட்டிப் பொரட்டிப் புழு தேடுச்சு.

பஞ்சநதம் மூச்சக்கூட விடல. அடேயப்பா, பட்டுப்பொடவக் கடையவே சுத்திக்கிட்டு வந்திருக்கே!

ராஜாத்திக்குக் காட்டலாம்னு திரும்புனாரு. அவ குருவியத்தான் பாத்துக்கிட்டு நின்னா. தெனம் பேசுற பக்கத்து வீட்டுக்காரியப் பாக்குற மாதிரி லேசா சிரிச்சுக்கிட்டு நின்னா. அவரும் குருவியப் பாத்துட்டத அவ கவனிக்கல.

குருவி புதருக்குள்ள மறைஞ்சதும், மொகத்த முந்தானையில தொடச்சுக்கிட்டு அலுத்துக்கிட்டா.

"இன்னிக்கும் கண்ணுல படல பாருங்க!"

பஞ்சநதம் குருவி மறைஞ்ச புதரப் பாத்தாரு, நடுக்காடு வரைக்கும் நடந்து வந்த தன் காலப் பாத்தாரு.

"ஆமா புள்ள, எங்க ஒளிஞ்சிருக்கோ. நாளைக்குக் காட்டோட அந்தக் கடைசி வரைக்கும் போய்த் தேடுவோம்."